யந்திரத்திற்கு ஒரு நாட்குறிப்பு

களனி கங்கை பெருகும் நாள்களில் கொட்டாஞ்சேனை, கிராண்ட்பாஸ், மோதறைப் பகுதிகளில் வாழும் குடும்பங்கள் ஒருவரையொருவர் வினவும் வினா ஒன்று உண்டு. “நாகலகம் வீதியில் இப்போது எத்தனை அடி?” அங்குள்ள ஆற்று அளவுகோலில் நீர் 4 அடியைத் தொட்டால் எச்சரிக்கை, 5 அடியானால் சிறு வெள்ளம், 7 அடியானால் பெருவெள்ளம். 1947ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் அது 12.85 அடி வரை ஏறிற்று. 1989 யூனில் 9.2 அடி, 2016 மே மாதத்தில் 7.65 அடி. பாட்டனார் கண்ட வெள்ளத்தையும் பேரன் கண்ட வெள்ளத்தையும் இன்று நாம் ஒப்பிட்டுப் பேச முடிகிறதென்றால், கொட்டும் மழையில் யாரோ ஒருவர் அளவுகோலைப் பார்த்ததோடு நில்லாமல், பார்த்ததை நேரத்துடன் எழுதியும் வைத்தார் என்பதே காரணம்.

பார்ப்பது ஒன்று, எழுதி வைப்பது வேறொன்று. நம்மைச் சுற்றியுள்ள யந்திரங்களுட் பல, முதல் வேலையை மனிதனைவிடத் திறமையாகச் செய்கின்றன. இரண்டாவது வேலையை அடியோடு விட்டுவிடுகின்றன. அவற்றிற்கு ஒரு நாட்குறிப்பை, அதுவும் சில ஆயிரம் ரூபாச் செலவில், அமைத்துக் கொடுப்பது எவ்வாறு என்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட விடயம்.

ஐஸ் தொழிற்சாலை, பால் பதனிடும் நிலையம், பிஸ்கற் தொழிற்சாலை, தண்ணீர் இறைக்கும் நிலையம் ஆகியவற்றிற் பெரும்பாலும், சுவரிற் பொருத்திய இரும்புப் பெட்டியைத் திறந்தால், உள்ளே வரிசையாகச் சிறு விளக்குகள் மினுங்கும் ஒரு கருவியைக் காணலாம். தொழிலாளர் அதனைப் ‘பி.எல்.சி.’ என்பர். நாம் முன்கூட்டி எழுதிக் கொடுத்த நிரலின்படி முடிவெடுத்து, மோட்டாரை ஓட்டியும் நிறுத்தியும், வாயிலைத் திறந்தும் மூடியும் ஆலையை நடத்தும் கட்டுப்பாட்டுக் கருவி அது.

இதன் பிறப்பு அமெரிக்க மோட்டார் வண்டித் தொழிலோடு சேர்ந்தது. 1968ஆம் ஆண்டுக்கு முன், ஒரு வண்டித் தொழிற்சாலையை இயக்க ஆயிரக்கணக்கான ரிலேக்கள் வேண்டியிருந்தன. வண்டியின் அமைப்பு மாறுந்தோறும் அந்த ரிலேக்களுக்குச் செல்லும் கம்பிகளையெல்லாம் கழற்றி மீண்டும் கட்டினர். இத்தொல்லை பொறுக்காத ஜெனரல் மோட்டர்ஸ் கம்பனியார், கம்பியை மாற்றாமல் நிரலை மட்டும் மாற்றத்தக்க கருவி ஒன்று வேண்டுமென 1968இற் கேட்டனர். ரிச்சர்ட் மோர்லி என்பாரும் அவருடைய தோழர்களும் செய்து கொடுத்த கருவிக்கு ‘மொடிகொன் 084’ என்று பெயர். அவர்களுடைய 84ஆவது வேலை அது என்பதைத் தவிர அந்த எண்ணுக்கு வேறு இரகசியம் இல்லை.

பி.எல்.சி. வேலை செய்யும் முறை எளிது. முதலில், வெப்பம் எவ்வளவு, நீர் எவ்வளவு, கதவு திறந்திருக்கிறதா எனத் தன் உணரிகளைப் பார்க்கும். பின்னர் நிரலை மேலிருந்து கீழாக ஒருமுறை வாசித்து முடிவு செய்யும். அதன்பின் மோட்டாருக்கோ வாயிலுக்கோ கட்டளை பிறப்பிக்கும். உடனே மீண்டும் முதலிலிருந்து தொடங்கும். ஒரு சுற்றுக்குச் சில மில்லி செக்கன்களே ஆகும். ஒவ்வொரு சுற்றிலும் புதிய அளவு பழைய அளவின்மேல் எழுதப்பட்டுவிடும். பாடம் முடிய முன்னரே துடைக்கப்படும் கரும்பலகையை இதற்கு உவமை சொல்லலாம். நள்ளிரவு 2 மணிக்குக் குளிர் அறையின் வெப்பம் ஏறியதும் அதற்குத் தெரியும். அமுக்கி நின்றதும் தெரியும். காலை 6 மணிக்கு வந்து கேட்டால், காலை 6 மணி நிலையை மாத்திரமே அது சொல்லும்.

இக்குறை முற்காலத்து ஆலைகளில் இருக்கவில்லை என்பது வியப்புக்குரியது. அங்கே வட்டமான காகிதம் ஒன்று கடிகார விசையால் நாளுக்கொருமுறை சுழலும். அதன்மேல் மைப்பேனா ஒன்று வெப்பத்திற்கோ அமுக்கத்திற்கோ ஏற்பக் கோடு இழுத்துக்கொண்டே இருக்கும். மறுநாட் காலையில் காகிதத்தை எடுத்துப் பார்த்தால் இரவு முழுவதும் நடந்தது ஒரே பார்வையில் விளங்கும். காகிதமும் மையும் செலவு பிடித்தன, பேனா அடைத்துக்கொண்டது, காலப்போக்கில் அக்கருவிகள் பல இடங்களிற் கழற்றப்பட்டன. கட்டுப்பாடு முன்னேறிற்று, நினைவு பின்தங்கிற்று.

பி.எல்.சி. செய்யும் கம்பனிகள் இதனை அறியாதவையல்ல. விலை கூடிய கருவிகளில் நினைவு அட்டையிற் பதியும் வசதி உண்டு. ஆலை முழுவதையும் கணினித் திரையிற் காட்டிப் பதிவும் செய்யும் மென்பொருள்கள் உண்டு. அவற்றுட் பல, எத்தனை அளவுகளைப் பதிகிறோம் என்று எண்ணி, அதற்கேற்ப உரிமைப் பணம் கேட்பவை. பத்துப் பேர் வேலை செய்யும் ஒரு தொழிற்சாலை அந்தப் பணத்திற்கு எங்கே போகும்? ஆதலால் அங்கே கணக்கு இன்னும் கொப்பியிலேயே இருக்கிறது. மணிக்கொருமுறை மானியைப் பார்த்து எழுத வேண்டும் என்பது விதி. விடியற்காலையில் நித்திரைக் கலக்கத்தோடு நான்கு மணி நேரக் கணக்கை ஒரே பேனாவால், ஒரே சாய்வில் எழுதி நிரப்புவது நடைமுறை. இதனை ஆலைக்காரர் எவரும் மறுக்கமாட்டார்.

இனி, மலிவான வழியைப் பார்ப்போம்.

1979இல் அதே மொடிகொன் கம்பனி, கருவிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு ‘மொட்பஸ்’ என்னும் ஒரு மொழியை வகுத்தது. அதன் விதிகள் எவரும் பார்க்கத்தக்கவாறு வெளியிடப்பட்டமையால் மற்றக் கம்பனிகளும் அதனை ஏற்றுக்கொண்டன. இன்றும் எண்ணற்ற பி.எல்.சி.களும் மின் மானிகளும் அம்மொழி அறிந்தவை. பி.எல்.சி.யின் உள்ளே ‘ரெஜிஸ்டர்’ எனப்படும் எண் அறைகள் வரிசையாக உள்ளன. ஒவ்வோர் அறையிலும் 0 முதல் 65,535 வரை ஓர் எண் இருக்கும். வெளியிலிருந்து ஒரு கருவி, “5ஆம் இலக்கக் கருவியே, உன் 100ஆம் அறையில் உள்ளது என்ன?” என்று கேட்டால், அது விடை சொல்லும். செய்தி வழியிற் கெட்டுவிட்டதா என்று சரிபார்க்க இரண்டு சோதனை எண்களும் கூடவே வரும். ஆர்.எஸ். 485 என்னும் முறையில், முறுக்கிய இரு கம்பிகள் இந்த உரையாடலை ஏறத்தாழ 1,200 மீற்றர் தூரம் கொண்டு செல்லும்.

கேட்கும் கருவிக்கு விலை மிகுந்த கணினி வேண்டியதில்லை. 2005இல் இத்தாலியின் இவ்ரேயா நகரில் மாணவருக்கென்று உண்டான ‘ஆர்டுயினோ’ பலகையோ, அண்மைக் காலத்து ‘இ.எஸ்.பி. 32’ பலகையோ போதும். 2012இல் 35 டொலர் விலையில் வெளிவந்த ‘ராஸ்பெரி பை’ முழுக் கணினியே ஆகும். இவ்வேலைக்கு அது சற்று மிகை. பலகையோடு ஆர்.எஸ். 485 இணைப்பான் ஒன்று, நினைவு அட்டைத் தாங்கி ஒன்று, பொத்தான் மின்கலத்தால் ஓடும் கடிகாரச் சில்லு ஒன்று ஆகியன வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் ஒரு பிற்பகல் அலைந்தால் இத்தனையையும் வாங்கிவிடலாம்.

கடிகாரத்திற் சிக்கனம் பார்க்க வேண்டாம் என்பது நம் கருத்து. சாதாரணப் பளிங்குக் கடிகாரம் பத்து இலட்சத்தில் 20 பங்கு பிழை விட்டாலும், ஓராண்டில் 10 நிமிடத்துக்கு மேல் விலகிவிடும். வெப்பத்திற்கேற்பத் தன்னைத் திருத்திக்கொள்ளும் சில்லு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்குள் நிற்கும். 2022 மார்ச் இறுதியில் நாளொன்றில் 13 மணித்தியாலம் வரை மின்சாரம் நின்ற காலத்தை நாம் மறந்துவிடவில்லை. அத்தகைய நாள்களில், மின்சாரம் போனது எப்போது, வந்தது எப்போது, மின்பிறப்பாக்கி எத்தனை நிமிடம் கழித்து ஓடத் தொடங்கிற்று என்பவற்றைச் சரியான நேரத்தோடு வைத்திருப்பவனே கெட்டுப்போன சரக்குக்குக் கணக்குச் சொல்ல முடியும். நேரம் தவறிய பதிவு, பதிவே இல்லாமையினும் தீயது. ஏனெனில் அதனை நம்பிவிடுவோம்.

இடம் போதுமா என்று சிலர் ஐயுறுவர். கணக்கிட்டுப் பார்ப்போம். நிமிடத்துக்கு ஒரு வரி, வரிக்கு 40 எழுத்து என்று கொள்வோம். நாளுக்கு 1,440 வரி. ஆண்டுக்கு ஏறத்தாழ 2 கோடியே 10 இலட்சம் எழுத்து, அதாவது 21 மெகாபைற். 8 கிகாபைற் அட்டை ஒன்றில் முந்நூறு ஆண்டுக்கு மேற்பட்ட கணக்கு அடங்கும். அட்டை அத்தனை காலம் உயிரோடிராது என்பது வேறு கதை. எழுதிக்கொண்டிருக்கும் கணத்தில் மின்சாரம் போனால் அதன் முழுக் கோப்புமே கெடக்கூடும். ஆதலால் ஒவ்வொரு வரியும் எழுதியவுடன் கோப்பை மூடிவிடுமாறு நிரல் எழுதுவதும், சிறு மின்கலம் ஒன்று இணைப்பதும் நன்று.

இதனால் வரும் இலாபத்திற்கு ஓர் உதாரணம் தருவோம். நம் நாட்டில் சற்றுப் பெரிய மின் இணைப்புப் பெற்ற தொழிற்சாலைகள், செலவழித்த மின்சாரத்திற்கு மட்டுமன்றி, அந்த மாதத்தின் உச்சத் தேவைக்கும் தனிக் கட்டணம் செலுத்துகின்றன. அந்த உச்சம் கணப்பொழுதின் அளவன்று. 15 நிமிடச் சராசரி. மோட்டார் கிளம்பும்போது ஓரிரு செக்கன் இழுக்கும் பெருமின்னோட்டமே கட்டணத்தை ஏற்றுகிறது என்று பலர் எண்ணுவர். அது தவறு, அதனாற் சராசரி அதிகம் அசைவதில்லை. இரண்டு அமுக்கிகள், ஒவ்வொன்றும் 40 கே.வி.ஏ. இழுப்பவை, மாறி மாறி ஓடினால் உச்சம் 40. மாதத்தில் ஒரே ஒருமுறை, ஒரு கால்மணி நேரம் இரண்டும் சேர்ந்து ஓடிவிட்டால் உச்சம் 80. அந்த மாதம் முழுவதற்கும் 80க்கே கட்டணம். அந்தக் கால்மணி எது? மாதக் கடைசியில் வரும் சிட்டை அதனைச் சொல்லாது. கொப்பியும் சொல்லாது. ஆலையின் சொந்த மின் மானியோடு இணைத்த பதிவுக்கருவி நாளையும் நேரத்தையும் காட்டிவிடும். (மின்சாரம் வழங்குவோரின் முத்திரையிட்ட மானியைத் தொடலாகாது என்பதைச் சொல்லத் தேவையில்லை.) அதன்பின் வேண்டியது, இரண்டும் ஒருங்கே ஓடாதவாறு பி.எல்.சி.யின் நிரலில் ஒரு நிபந்தனை. காசு செலவில்லாத மருந்து.

இலாபத்தினும் முக்கியமானது ஒன்று உண்டு. குளிர் அறையில் மீன் பழுதுபட்டுவிட்டது என்று வைத்துக்கொள்வோம். பழி யார்மேல் விழும்? இரவு முறையில் நின்றவன்மேல். கதவைத் திறந்து விட்டாய், நித்திரை கொண்டாய் என்பர். அவனிடம் சாட்சி இல்லை. கதவு மூடியே இருந்தது, 1.40க்கு அமுக்கி தானாக நின்றது, 1.45க்கு அவன் மீண்டும் ஓட்ட முயன்றான் என்று ஒரு கருவி எழுதி வைத்திருந்தால் அவனுடைய தொழில் காப்பாற்றப்படும். அதே கருவி அவனுக்கு எதிராகவும் சாட்சி சொல்லலாம், அதுவும் நியாயமே. ஆனால் முதலாளி மாத்திரம் பார்க்கும் பதிவாக அது இருக்கக் கூடாது. நெசவுத் தறிகளில் நூல் ஓட்டத்தை எண்ணும் மானி பொருத்தி, அதன்படி கூலி கணக்கிட்ட காலத்திலும், அந்த எண்ணை நெசவாளி தன் கண்ணாற் பார்க்க முடிந்தது. 1933இற் பெரிய வேலைநிறுத்தம் கண்ட வெள்ளவத்தை நூற்பு நெசவு ஆலை இருந்த நிலத்தில் இன்று ஹவ்லொக் சிற்றி மாடங்கள் நிற்கின்றன. ஆனால் அளவைக் கையில் வைத்திருப்பவன் யார் என்னும் வழக்கு ஆலையோடு போய்விடவில்லை. பதிவுக்கருவியை வைப்போர், தொழிலாளி நிற்கும் இடத்திலும் ஒரு சிறு திரையை வைப்பாராக.

கருவியைப் பொருத்துவோர் கவனிக்க வேண்டியவை சில உள. பி.எல்.சி. பெரும்பாலும் 24 வோல்ற்றில் வேலை செய்வது. நம் சிறு பலகை 3.3 அல்லது 5 வோல்ற்றுக்குரியது. நேரே தொடுத்தால் பலகை எரிந்துவிடும். ஒளி வழியாக மாத்திரம் செய்தி கடத்தும் தடுப்புச் சில்லு இடையில் வேண்டும். மொட்பஸ் மொழியில் ஒரு கம்பி இணையில் கேள்வி கேட்பவர் ஒருவரே இருக்கலாம். பி.எல்.சி. ஏற்கெனவே அக்கம்பியில் மற்றக் கருவிகளைக் கேட்டுக்கொண்டிருந்தால், நாம் இடையிற் புகுந்து கேட்கலாகாது. வேறு வாயிலைத் தேட வேண்டும். பெரிய எண்கள் இரண்டு அறைகளிற் பிரிந்து கிடக்கும். எது முன், எது பின் என்பதிற் கம்பனிக்குக் கம்பனி வேறுபாடு உண்டு. குளிர் அறையின் வெப்பம் பல்லாயிரம் பாகை என்று பதிவாகியிருந்தால் அஞ்ச வேண்டாம். அறைகளை மாற்றி வாசித்தால் அறை குளிர்ந்துவிடும்.

உணரிகளிலிருந்து பி.எல்.சி.க்கு வரும் மின்னோட்டம் பல ஆலைகளில் 4 முதல் 20 மில்லி அம்பியர் வரை இருக்கும். சுழியத்திலிருந்து தொடங்காமல் 4இலிருந்து தொடங்குவது ஏன் என்று மாணவர்கள் வினவுவதுண்டு. தொட்டி வெறுமையானால் 4 வரும். கம்பி அறுந்தால் 0 வரும். ‘ஒன்றும் இல்லை’ என்பதையும் ‘ஒன்றும் தெரியவில்லை’ என்பதையும் பிரித்தறிய வகுத்த ஏற்பாடு அது. நம் பதிவுக்கருவியும் இந்தப் பாடத்தைக் கற்க வேண்டும். விடை வராத நிமிடத்தில் 0 என்று எழுதலாகாது. வெற்றிடமாக விட வேண்டும்.

எல்லாவற்றினும் பெரிய விதி, பதிவுக்கருவி வாசிக்க மட்டும் வேண்டும் என்பது. மொட்பஸ் மொழியில் 3, 4 என்னும் கட்டளைகள் வாசிப்பவை. 6, 16 என்பவை எழுதுபவை. எழுதும் கட்டளைகளை நிரலிற் சேர்க்கவே வேண்டாம். கைபேசியில் ஆலையைப் பார்க்கலாம் என்னும் ஆசையில் பி.எல்.சி.யை இணையத்தோடு நேரே இணைப்பாரும் உளர். வீட்டுத் திறப்பை வாசற்படியில் வைப்பதற்கு ஒப்பான செயல் அது, ஏனெனில் மொட்பஸ் மொழி தோன்றிய வடிவிற் கடவுச்சொல் என்பதே கிடையாது. 2010இல் வெளிப்பட்ட ‘ஸ்டக்ஸ்நெற்’ என்னும் தீநிரல், ஈரானின் நட்டான்ஸ் அணு நிலையத்திற் சீமென்ஸ் கட்டுப்பாட்டுக் கருவிகளுட் புகுந்து சுழலிகளைக் கெடுத்தது. அதன் வஞ்சகம் யாதெனில், நன்றாக ஓடிய நேரத்து அளவுகளை முதலிற் பதிந்துகொண்டு, கெடுக்கும் நேரத்தில் அவற்றையே திரையில் திருப்பிக் காட்டியது. காவலர் கண்ணுக்கு எல்லாம் செவ்வனே நடந்தது. முக்கியமான அளவு ஒன்றையேனும் பி.எல்.சி.யிடம் கேளாமல், தனி உணரி வைத்து நேரே பதியுங்கள் என்று நாம் சொல்வதற்கு இதுவே காரணம்.

மலிவான பலகைகள் வெயிலையும் மழையையும் தாங்குமா என்று கேட்பாருக்கு நம் நாட்டிலேயே ஒரு சோதனை நடந்திருக்கிறது. மொறட்டுவைப் பல்கலைக்கழகத்தினரும் தென் சுவிற்சர்லாந்தின் பிரயோக விஞ்ஞான, கலைப் பல்கலைக்கழகத்தினரும் கூடி, ‘ஃபோரொன்ஸ்’ என்னும் திட்டத்தின்கீழ், ஆர்டுயினோ பலகைகளால் வானிலை நிலையங்கள் செய்து, தெதுறு ஓயாப் பள்ளத்தாக்கில் நாட்டினர். மழை, காற்று, வெப்பம், ஈரப்பதம் முதலியவற்றைப் பதியும் நிலையங்கள் அவை. அமைப்பும் நிரலும் எவரும் எடுத்தாளத்தக்கவாறு திறந்த முறையில் அமைந்தமை நமக்குப் பெரிதாகத் தோன்றுகிறது. தொழிற்சாலைக்குள் வெயிலும் மழையும் இல்லை. ஆனால் மோட்டார்களின் மின் இரைச்சல் உண்டு. பதிவுக் கம்பியை மோட்டார்க் கம்பியோடு ஒரே குழாயில் இழுக்காதிருந்தால் பாதித் தொல்லை தீரும்.

பி.எல்.சி.யைக் கண்ணாற் காணாத மாணவர்களும் இதனைப் பழகலாம். ‘ஓப்பன் பி.எல்.சி.’ என்னும் இலவச மென்பொருள், வீட்டுக் கணினியையோ ராஸ்பெரி பை கருவியையோ பி.எல்.சி.யாக நடிக்க வைக்கும். மொட்பஸ் மொழியும் பேசும். கணினி கிடையாத மாணவனுக்கு வெள்ளவத்தையின் மாடிவீடு ஒன்றே போதிய ஆய்வுகூடம். கீழ்த்தொட்டியிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு நீரேற்றும் மோட்டாரின் கம்பியைச் சுற்றிக் கவ்வும் மின்னோட்ட உணரி ஒன்றை, வீட்டார் அனுமதியோடும் மின் வேலை தெரிந்த ஒருவர் துணையோடும் வைக்கலாம். அது கம்பியின் தோலுக்கு வெளியே நிற்பது. எதனையும் வெட்ட வேண்டியதில்லை. மோட்டார் ஓடத் தொடங்கிய நேரத்தையும் நின்ற நேரத்தையும் ஒரு மாதம் பதிந்து, நாள் ஒன்றுக்கு ஒரு கோடாக வரைந்து, கோடுகளை ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துப் பாருங்கள். காலையும் மாலையும் நிறைந்திருக்கும். பின்னிரவு 1 மணிக்கும் 4 மணிக்கும் இடையில், எல்லோரும் உறங்கும் வேளையில், நாள்தோறும் மோட்டார் ஒருமுறை ஓடியிருந்தால், ஒவ்வொரு வீட்டு மலசல கூடத்தின் மிதவையையும் போய்ப் பாருங்கள்; ஏதோ ஒன்று ஒழுகிக்கொண்டிருக்கும்.